தையல்கடைச் சுவரின் நன்னடத்தை

ஒரே மாதத்தில் மூன்று கார்கள் மீது மோதிய குற்றத்துக்காக, சாலை வளைவில் இருக்கும் தையல்கடைச் சுவரை ஏன் இடிக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு விபத்துத் தடுப்பு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தையல்காரம்மா அதை இரண்டு தடவை படித்தாள். இரண்டு தடவையும் சுவர்தான் மோதியிருந்தது.

சுவர் போனால் கூரை போகும். கூரை போனால் மெஷினை எங்கே போடுவது? கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் அந்த அலுவலகத்துக்கு ஓடினாள்.

அதிகாரி மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லை என்பது வேறு விஷயம்.

"சார், முதல்ல வந்தவர் போன்ல படம் பாத்துக்கிட்டே வந்தாரு. மோதின பிறகும் பாத்துக்கிட்டுதான் இருந்தாரு. நான்தான் கண்ணாடியத் தட்டி, அண்ணே வந்துட்டீங்க, இறங்குங்கன்னேன்."

"ரெண்டாவது?"

"நல்ல போதை சார். சுவரைக் கட்டிப்பிடிச்சு, மன்னிச்சுரு தம்பின்னு அழுதாரு."

"அவர் மன்னிப்புக் கேட்டுட்டாரு. உங்க சுவர் கேட்டுச்சா?"

தையல்காரம்மா அடுத்த ஆளுக்குத் தாவினாள்.

"மூணாவது அந்தம்மா, கவனமா வண்டி ஓட்டுறது எப்படின்னு போன்ல வீடியோ எடுத்துப் பேசிக்கிட்டே ஓட்டி வந்தாங்க."

"பாத்தேன், பாத்தேன். நல்ல கருத்து," என்றார் அதிகாரி.

பிறகு ஒரு படிவத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். விபத்துக்கான காரணம் என்று போட்டு, கீழே ஐந்து கட்டம்: மரம், மாடு, மழை, கம்பம், சுவர்.

"போன் இல்லையே சார்?"

"இந்தப் படிவம் அடிச்ச காலத்துல போன் வீட்டுக்குள்ள வயரோட கிடந்துச்சும்மா. யாரும் காரை அங்க கொண்டுபோய் ஓட்டலை."

"குடி?"

"இருந்துச்சு. குடிக்கிறவங்க மனசு புண்படுதுன்னு எடுத்துட்டாங்க. இப்ப பாருங்க, மரத்தை வெட்டியாச்சு. கம்பத்தைப் பிடுங்கியாச்சு. மாட்டை ஊரைவிட்டே அனுப்பியாச்சு. மழையை நிறுத்தச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியிருக்கோம். பாக்கி உங்க சுவர்தான். காரோட்டுறவங்க எல்லாரும் முறையா லைசென்ஸ் வாங்கினவங்க. உங்க சுவர்கிட்ட என்ன இருக்கு?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப வந்து சுவரையே சோதிச்சுப் பாருங்க சார். குடிச்சிருக்கா, போன் பேசுதான்னு பாத்துருங்க."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு நியாயமான ஒரு கோரிக்கையை அவர் கேட்டதில்லை.

அடுத்த வாரமே எழுத்தரோடு வந்து இறங்கினார். எழுத்தர் குடி சோதிக்கும் ஊதுகுழாயைச் சுவர்மேல் வைத்து, ஊதச் சொன்னார். சுவர் ஊதவில்லை.

"ஒத்துழைக்க மறுக்குதுன்னு எழுதிரவா சார்?"

"இருங்கண்ணே, இந்தப் பக்கம் வைங்க," என்றாள் தையல்காரம்மா. போதைக்காரர் உண்டாக்கிய விரிசலில் குழாயைச் செருகினார்கள். அந்தப் பக்கம் ஓடிய மின்விசிறியின் காற்று குழாய்க்குள் போனது. கருவி பூஜ்யம் காட்டியது. போன் வைத்துக்கொள்ளச் சுவரில் இடமே இல்லை என்பது தடவிப் பார்த்து உறுதி செய்யப்பட்டது. அவள் டேப்பையே வாங்கி அளந்ததில், பன்னிரண்டு வருஷமாகச் சுவர் ஒரு விரற்கடைகூடத் தடம் மாறவில்லை.

"இச்சாலையைப் பயன்படுத்துவோரில் நிதானத்தில் இருப்பது மேற்படி சுவர் மட்டுமே," என்று அறிக்கை மேலிடம் போனது.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. இடிக்கும் உத்தரவு ரத்து. சுவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ். அதோடு, படிவத்தில் போன், குடி என்று இரண்டு புதுக் கட்டங்கள். அந்தப் புதுப் படிவத்தைச் சுவர் முன்னாலேயே வெளியிடுவது என்று முடிவானது.

அன்றைக்கு வளைவில் நல்ல கூட்டம். அதிகாரி சான்றிதழைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பேசினார்: "இனிமேல் போன் கட்டத்தில் குறி விழுந்தால், ஓட்டியவர் லைசென்ஸ் மூன்று வருஷத்துக்கு ரத்து. அவரை அந்த நேரத்தில் கூப்பிட்டவர் பெயரும் படிவத்தில் ஏறும்."

எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியது தையல்காரம்மாதான். தட்டி முடித்துப் பார்த்தால், இதையெல்லாம் பார்க்க வீட்டுக்காரர் இல்லை. அவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். போனை எடுத்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்மா. வேன் ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"சுவர்ல ஒட்டியாச்சுங்க. மாலை வேற போட்டிருக்காங்க. படம் அனுப்பியிருக்கேன், பாருங்க."

"இரு பாக்கிறேன். அட, நம்ம சுவரா இது..."

அதற்குமேல் போனில் கேட்க வேண்டியிருக்கவில்லை. நேரிலேயே கேட்டது. கூட்டம் சிதறி ஓடியது. வேனின் மூக்கு சரியாகச் சான்றிதழுக்குக் கீழே போய் அமுங்கி நின்றது. அவர் இறங்கினார். நெற்றியில் ஒரு புடைப்பு, கையில் போன். மற்றபடி ஆளுக்கு ஒன்றுமில்லை. ஓடியவர்கள் எல்லாரும் திரும்பி வந்து, போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார்கள்.

அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. புதுப் படிவத்துக்கு இவ்வளவு சீக்கிரம் வேலை வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

"காரணம் என்னம்மா?"

அவள் போன் இன்னும் இணைப்பிலேயே இருந்ததால், அதே கேள்வி வீட்டுக்காரர் கையிலிருந்த போனிலிருந்தும் கேட்டது. தையல்காரம்மா தன் போனைச் சட்டென்று அணைத்து டேப்புக்கடியில் மறைத்துக்கொண்டாள். அதிகாரியின் பேனா போன் கட்டத்துக்கு மேலே நின்றது. வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், உள்ளே இருந்த மெஷினைப் பார்த்தாள்.

"சுவர்னே போட்டுருங்க சார்," என்றாள். "எனக்கு ஆரம்பத்துலயிருந்தே இதுமேல ஒரு சந்தேகம்தான்."