அடுத்த வீட்டுத் தவிட்டை வெயிலில் போட்ட கதை

ஒருவர் நம்பித் தந்த பொருளை நாசமாக்கியவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி பரமேஸ் உங்களுக்குச் சொல்லுவா. அவ சொல்லுகிற ஒவ்வொரு முறையும் புறாக்களின் எண்ணிக்கை கூடும்.

லண்டனில் நோர்பரியில் எங்களுக்கு அடுத்த வீடு மிச்சிகோவுடையது. யப்பான் பெண்மணி, அறுபது வயதிருக்கும், தனியாக இருக்கிறார். எனக்கு யப்பான் என்றால் முதலில் மோட்டார் சைக்கிள்தான். பிறகு மகள் கவிதா அங்கே சுற்றுலா போய்வந்து ஃபோனில் படம் காட்டினாள். சிவப்பு வாசல், பூ மரம், கண் இமைக்க முன்னம் ஓடிப்போகிற ரயில். நானூறு படம். (பார்த்து முடிக்க எனக்குக் கழுத்து சுளுக்கிப் போச்சு.) அதில் ஒன்றிலாவது தவிடு இல்லை.

தவிட்டை நான் பார்த்தது மிச்சிகோவின் குசினியில். அவருடைய வேலியை வெட்டிக்கொடுத்த ஒருநாள், தேத்தண்ணியோடு நாலு துண்டு வெள்ளரிக்காய் வைத்தார். கடித்தேன். உப்பு, புளிப்பு, அதற்குப் பின்னால் இன்னொரு ருசி, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. எங்கே வாங்கினது என்று கேட்டேன். அவர் ஒரு வெள்ளை எனாமல் பெட்டியைத் திறந்தார். உள்ளே காயைப் புதைத்து ஊறவைக்கிற உப்புப் போட்ட ஈரத் தவிடு. கையை மணிக்கட்டு தாண்டி விட்டு ஒரு கரட் கிழங்கை வெளியே எடுத்தார். (மாட்டுக்கு வைக்கிற அதே தவிடுதான். நான் பொய் சொல்லேல்லை.)

அவருக்கும் எனக்கும் இடையில் ஓடுவது அரை அரை இங்கிலீஷ். அவருடைய அரையில் எனக்கு விளங்கியது இதுதான். மிச்சிகோவின் கல்யாணத்தின்போது அவருடைய அம்மா தன் பெட்டியிலிருந்து பாதித் தவிட்டைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். லண்டனுக்கு அவரோடு பிளேனில் வந்தது அது. இருபத்தாறு வருடமாக ஒருநாள் விடாமல் வெறுங்கையால் கிண்டிப் புரட்டுகிறார். காய்ச்சல் வந்த நாளிலும். கிண்டாவிட்டால் அது செத்துவிடும்.

"செத்துவிடுமா?" என்று கேட்டேன்.

"இது உயிரோடு இருக்கிறது, மிஸ்டர் செல்வா," என்றார். சிரிக்கவில்லை.

அந்தக் கோடையில் அவருடைய அம்மா விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். மிச்சிகோ மூன்று கிழமைக்கு யப்பான் போக வேண்டும். போகிற அன்று பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார், குழந்தையைக் கொண்டுவந்த மாதிரி. ஒருநாளைக்கு ஒருமுறை, அடியிலிருந்து மேலே, பிறகு மேலே தட்டி மட்டமாக்க வேண்டும் என்று செய்து காட்டினார். நான் நெஞ்சில் கைவைத்து ஓம் என்றேன். பெரிய மிடுக்கு.

"உங்களுக்கு ஒரு பூச்சாடிக்குத் தண்ணி ஊத்த ஏலாது. உது என்னத்துக்கு உங்களுக்கு?" என்றா பரமேஸ்.

முதற்கிழமை ஏழு நாளும் ஒரு குறையும் இல்லை. காலையில் பல் தீட்டி, கை கழுவி, தவிடு கிண்டி, பிறகுதான் தேத்தண்ணி. இரண்டாம் கிழமை லண்டனில் வெயில் பிடித்தது. பஸ்ஸில் ஆட்கள் உருகினார்கள். பெட்டியைத் திறந்தால் மேலே தண்ணீர் நிற்கிறது. மணம் வேறு, நகப் பூச்சு மணம்.

பரமேஸ் மூக்கைப் பொத்தினா. "இஞ்சாருங்கோ, உது பழுதாப் போச்சு. வெயிலிலை போடுங்கோ."

(தான் சொல்லேல்லை எண்டு இப்ப சொல்லுவா. நம்பாதேங்கோ.)

மிச்சிகோவுக்குப் போன் பண்ணியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் தாயோடு நிற்கிறவரைத் தவிட்டுக்காகக் கூப்பிடுவதா என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன். ஈரம் பிடித்த எதற்கும் நாங்கள் செய்கிற வைத்தியம் ஒன்றுதானே? மிளகாய் என்றாலும் தலகணி என்றாலும் வெயில்தான். அதுவும் லண்டனில் அப்படி ஒரு வெயில் வருகிறபோது வீணாக்கலாமா?

பின்வளவில் பாயை விரித்து, இருபத்தாறு வருடத்தையும் அதன்மேல் மெல்லிசாகப் பரவினேன். காவலுக்குக் கதிரையும் போட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டிருந்தேன். அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கண் விழித்தபோது பாயைக் காணவில்லை. புறாதான் தெரிந்தது. நோர்பரிப் புறா, தோர்ண்டன் ஹீத் புறா, குரொய்டன் புறா எல்லாம் பந்திக்கு வந்திருந்தன. செருப்பைக் கழற்றி எறிந்தேன். செருப்பு அடுத்த வளவில் விழுந்தது, புறா அசையவில்லை. கடைசியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து நான் மீட்டது இரண்டு பிடி. அதை ஒரு தயிர் டப்பாவில் போட்டு ஃபிரிஜ்ஜில் வைத்தேன். அன்றிரவு சாப்பிடவில்லை.

அடுத்தநாள் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் ஆட்களின் கடைக்கு ஓடினேன்.

"தம்பி, தவிடு இருக்கோ?"

"தவிடோ? அண்ணை, மாடு ஏதும் வாங்கிட்டியளே?"

"ஓம், பின்வளவிலை கட்டியிருக்கிறன்."

"கவுன்சிலுக்குச் சொல்லிப்போட்டியளோ? பால் மிஞ்சினால் எங்களுக்கும் தாங்கோ."

தவிடு இல்லை. இருந்திருந்தால் பெட்டியை நிரப்பி, ஒன்றும் நடக்காத மாதிரிக் கொடுத்திருப்பேன். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மிச்சிகோ வந்தார். அம்மா எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டாராம். எங்களுக்கென்று வடிவாகச் சுற்றிய இனிப்புப் பெட்டி ஒன்றை நீட்டி, குனிந்து, "உங்கள் கைக்கு நன்றி," என்றார். எனக்குத் தெரிந்த அரை இங்கிலீஷும் அந்த இடத்தில் ஓடிப்போய்விட்டது. தயிர் டப்பாவைக் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் செட்டை மாதிரி அடித்து, கூரையில் இருந்த புறாவைக் காட்டினேன்.

அவர் டப்பாவைத் திறந்தார். மணந்து பார்த்தார். விரலால் தொட்டு நசித்துப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கு அவருடைய அம்மா, பிளேன், காய்ச்சல் வந்த நாட்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன.

பிறகு கேட்டார்: "புறாக்களுக்குப் பிடித்ததா?"

"நல்லாய்ப் பிடித்தது," என்றேன். வேறென்ன சொல்ல?

தலையாட்டினார். "இது இன்னும் சாகவில்லை. நாளை நாலு மணிக்கு வாருங்கள்."

அழிவுக்குக் காரணமானவனை வீட்டுக்குள் விடாமல் விட்டிருக்கலாம். அவர் என்னை வேலைக்குக் கூப்பிட்டார். யப்பான் கடையில் தவிடு வாங்கி வந்து, அந்த இரண்டு பிடியையும் அதற்குள் கலந்தார். கடுகுத் தூளும் இரண்டு செத்தல் மிளகாயும் போட்டார். (எங்கடை சாமானெல்லாம் அதுக்குள்ளை கிடக்கு!) பிறகு முட்டைக்கோவா இலைகளைப் புதைப்பதும், எடுத்து எறிவதும், வேறு இலை புதைப்பதும்தான். அந்த இலைகள் சாப்பிட அல்ல, தவிட்டுக்குத் தீன். தண்ணீர் நின்றால் என்ன செய்கிறது என்று கேட்டேன். உலர்ந்த தவிடு ஒரு பிடி போடுவதாம். அவ்வளவுதான்.

ஒரு மாதம் தினமும் நாலு மணிக்குப் போனேன். அதிகம் பேசுவதில்லை. ஒருநாள் அவர் கிண்டுவார், ஒருநாள் நான். என்னிடம் ஒருமுறையும் புறாவைப் பற்றிச் சொல்லிக் காட்டவில்லை. மாதக் கடைசியில் ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக் கழுவி வெட்டினார். தாயோடு போனில் பேசியபடியே ஒரு துண்டைக் கடித்து, தாயிடம் ஏதோ சொன்னார். அந்தப் பக்கம் கிழவி சிரிக்கிறது எனக்கே கேட்டது.

"என்ன சொன்னீர்கள்?"

"எங்கள் ருசி திரும்பி வந்துவிட்டது, ஆனால் கொஞ்சம் உறைக்கிறது என்றேன். அது உங்கள் கையின் ருசி."

அன்றைக்கே பெட்டியிலிருந்து பாதியைப் பிரித்து எனக்குத் தந்தார். தாய்தான் கொடுக்கச் சொன்னாராம்.

இப்போது நான் எங்கும் தனியாகப் போக முடியாதவன். போன மாதம் பேரனின் பிறந்தநாளுக்கு லெஸ்டரில் கவிதா வீட்டுக்கு ரயிலில் போனோம். தவிட்டுப் பெட்டி என் மடியில். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் இரண்டு ஸ்டேஷன் பொறுத்து, எழும்பிப் போய் வேறு இடத்தில் இருந்தார். கதவைத் திறந்த கவிதா பெட்டியைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, வந்திருந்த சனம் முழுவதற்கும் கேட்கக் கத்தினாள்:

"சின்னனிலை என்னைத் தவிட்டுக்கு வாங்கினது எண்டு சொல்லிச் சொல்லி அழவைப்பார் இந்த அப்பா. இப்ப தவிட்டையே பிள்ளையாய்த் தூக்கிக்கொண்டு வந்து நிக்கிறார், பாருங்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் குசினிக்குப் போய்க் கையைக் கழுவினேன். அன்றைக்கு இன்னும் கிண்டவில்லை.