கடையில் வாங்காதே, நானே வரைகிறேன்

வீட்டில் எது உடைந்தாலும் முகம் மலர்கிற ஓர் இனம் உண்டு. ‘நானே வரைகிறேன்’ ஆசாமிகள். கணினியில் எந்தப் பொருளையும் அளவு பிசகாமல் வரைய ஓர் இலவச மென்பொருள், வரைந்ததை பிளாஸ்டிக்கில் வார்த்துத் தர மேசைமேல் ஒரு குட்டி அச்சு மெஷின். இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால், கடைக்குப் போகிறவர்களைப் பார்த்தாலே இவர்களுக்குப் பரிதாபமாக இருக்கும்.

நமது காப்பீட்டு அலுவலகக் குமாஸ்தாவையே பாருங்கள். வாஷிங் மெஷினின் திருகுக் குமிழ் உடைந்த அன்றே மனைவி கடைக்குக் கிளம்பினாள். வாசலிலேயே மறித்தார்.

“எதுக்கு வாங்கணும்? ஒரு மணி நேரத்துல வரைஞ்சிடுவேன்.”

அந்த ஒரு மணி நேரம் நான்கு மாதம் ஓடியது. மென்பொருளைப் பழக ஒரு மாதம், அதைவிட நல்லது ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று எவரோ எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க ஒரு மாதம், குமிழின் விளிம்பை எவ்வளவு மழுக்குவது என்று யோசித்து யோசித்து மீதி. திரையில் குமிழ் தகதகவென்று சுழன்றது. குழாய் ரிப்பேருக்கு வந்தவரைக்கூட உட்காரவைத்துக் காட்டினார். குமிழ் இருக்க வேண்டிய இடத்தில்? வெறும் தண்டு. அதை மனைவி குறட்டால் திருகிக்கொண்டிருந்தாள். “அம்மா, துணி துவைக்கிற குறடு எங்க?” என்று மகள் கேட்கும் அளவுக்குக் குடும்பம் முன்னேறியிருந்தது.

ஒருநாள் மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “ஞாயித்துக்கிழமைக்குள்ள குமிழ் வரணும். வரலைன்னா உங்க அச்சு மெஷின் என் தம்பி வீட்டுக்குப் போயிடும்.”

ஞாயிறு காலை குமிழ் பிறந்தது. தண்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. குடும்பமே சுற்றி நின்றது. மனைவி ‘வாஷ்’ பக்கம் திருப்பினாள். மெஷின் வாய் திறக்கவில்லை. நேர் எதிரே ‘ஆஃப்’ பக்கம் திருப்பினாள். தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

விஷயம் இதுதான். அந்தத் தண்டு ஒரு பக்கம் தட்டை. குமிழின் துளையிலும் அதே பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். உடைந்த குமிழைக் கவிழ்த்துவைத்துப் பதினேழு முறை அளந்தவர், வரையும்போது அதை நிமிர்த்த மறந்துவிட்டார்; தட்டை எதிர்ப்பக்கம் போய்விட்டது.

அவர் கண்கள் அச்சு மெஷின் பக்கம் போயின. கடைசியாகப் பார்த்துக்கொள்வதுபோல.

மனைவி குமிழை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தாள். “நில்லுன்னா ஓடுது, ஓடுன்னா நிக்குது. உங்ககூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு இதுல என்ன கஷ்டம்? இருந்துட்டுப் போகட்டும்.”

“திருத்த ஒரு மணி நேரம்...”

“தொட்டீங்க, அச்சு மெஷின் போயிடும்.”

சிரிக்கிறீர்கள். சரி, உங்கள் வீட்டில் கைப்பிடி போன அலமாரியை யாராவது ஸ்பூனால் நெம்பித் திறந்துகொண்டிருக்கிறார்களா? ‘வாங்காதே’ என்று அவர்களிடம் சொன்னது யார்?