விதி ஒன்பதும் முன் அறையும்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். அந்தக் கதிரையைத் தூக்கி வையுங்கள், இழுத்தால் சத்தம் கேட்கும். உள்ளே கைரியா மல்லி வறுக்கிறாள். என் மனைவியைச் சொல்கிறேன். கை சட்டியில் இருந்தாலும் காது நம் பக்கம்தான் இருக்கும். அவளுக்குத் தெரியாத கதை இல்லை இது. ஆனால் நான் சொன்னால் நடுவில் வந்து திருத்துவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருசம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் எனக்குக் குடைக்கடை. கண்டிப் பக்கத்தில் குடைக்கடை வைத்தவன் கெட்டதில்லை. மேலே மழையை அல்லாஹ் பார்த்துக்கொள்வான், கீழே குடையை நான் பார்த்துக்கொள்வேன். அந்த வருசம் நான் ஒரு சபதம் எடுத்தேன். உலகமே புரண்டாலும் வீட்டு முன் அறையை விட்டுக்கொடுப்பதில்லை.

அந்த அறையில்தான் என் ஆகாயக் கப்பல் இருந்தது.

ஆள் ஏறும் கப்பல் இல்லை. நாலடி நீளம். ரப்பர் நாடாவை முறுக்கி விட்டால் மூக்கில் உள்ள விசிறி சுற்றும், கப்பல் பறக்கும். மற்றவர்கள் மூங்கிலைச் சீவி, மெல்லிய கடதாசி ஒட்டிச் செய்வார்கள். நான் குடைக்காரன் அல்லவா. குடைக்கம்பியில் எலும்பு, கறுப்புக் குடைத்துணியில் இறக்கை. பார்த்தவர்கள் வௌவால் என்றார்கள். பொறாமை.

அந்த நேரம் பார்த்துக் கைரியாவின் தம்பி கொழும்பிலிருந்து அவளுக்கு ஒரு தையல் மெஷின் அனுப்பினான். வைக்க இடமில்லாமல் அது குசினியில் அடுப்பு விறகுக்குப் பக்கத்தில் நின்றது. தெருவில் ஆறு பெண்பிள்ளைகள் அவளிடம் தையல் பழகக் காத்திருந்தார்கள்.

“இஞ்சாருங்க, மெஷின்ல புகை புடிக்கிது. முன் அறைய எனக்குத் தாங்க.”

“கப்பல எங்க வெக்கிற?”

“கப்பல்தானே. பறக்க உடுங்க.”

“அது ஞாயித்துக்கிழம மட்டுந்தான் பறக்கும் புள்ள.”

“மத்த ஆறு நாளும்?”

“ஓய்வு.”

“எனக்கு ஏழு நாளும் ஓய்வில்ல. ரெண்டு குடைக்கம்பிக்கு ஆறு நாள் ஓய்வு. அதுக்குத் தனியா ஒரு அறை.”

“கைரியா, இது யார்ட ஊடு?”

அவள் என்னைப் பார்த்தாள்.

“என்ட ஊடு. என்ட அறை. கதை முடிஞ்சிது.”

“முடிஞ்சா சரி,” என்று உள்ளே போனாள்.

இந்த இடத்தில் ஒரு விசயத்தை உங்களுக்கு ஒளிக்கக் கூடாது. அந்த வீடு என் மாமனார் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. உறுதிப் பத்திரம் கைரியாவின் பெயரில். ஆனால் பதினாலு வருசம் ஊரெல்லாம் ‘என் வீடு’ என்று சொல்லிச் சொல்லி, எனக்கே அது மறந்துபோயிருந்தது. அவளும் நாலு பேர் முன்னால் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

இனிச் சங்கத்துக்கு வருவோம். கப்பல் விடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. ஆற்றோர வெளிதான் எங்கள் மைதானம், என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். செயலாளர் நவரட்ணராஜா, யாழ்ப்பாணத்தார், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். விதி இல்லாமல் தும்மமாட்டார். சங்கத்துக்குப் பதினொரு விதி போட்டு அச்சடித்து வைத்திருந்தார். அங்கத்தவன் அல்லாதவன் வெளியில் கப்பலைத் தொட்டால் விதி மூன்று. ஆற்றில் யானை குளிக்கும்போது பறக்க விட்டால் விதி நாலு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு யானைக்காக இரண்டரை மணித்தியாலம் கப்பலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். பாகனுக்கு அன்றைக்கென்று முதுகைச் சுத்தமாகத் தேய்க்க வேண்டியிருந்ததாம்.

எல்லாவற்றிலும் பெரியது இன்சூரன்ஸ். குண்டசாலையில் ஒரு தோட்டத்துத் துரையின் தொப்பியை எங்கள் கப்பல் ஒன்று தட்டிக்கொண்டு போன பிறகு வந்தது அது. அங்கத்தவர் எல்லாரும் சந்தாவோடு ஒரு பங்கு கட்ட வேண்டும். நம் கப்பல் பிறத்தியாரின் தலையிலோ, மாட்டிலோ, கூரையிலோ விழுந்தால் கொழும்புக் கம்பனி ஒன்று நட்டத்தைக் கொடுக்கும். அங்கத்தவனின் சொந்தச் சொத்தில் விழுந்தால் கொடுக்காது. அதுதான் விதி ஒன்பது.

ஒரு ஞாயிறு. யானை இல்லை. காற்றும் இல்லை. நாடாவை முன்னூறு முறுக்கு முறுக்கி விட்டேன். என் கப்பல் அன்றைக்குப் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெளியைத் தாண்டியது. பக்கத்து வீட்டுப் பளீலின் பேக்கரிப் புகைபோக்கியைத் தாண்டியது. எங்கள் வீட்டுக்கு மேலே வந்ததும் ரப்பர் அறுந்தது. கடதாசிக் கப்பல் என்றால் பலா இலை மாதிரி ஆடி ஆடி இறங்கியிருக்கும். என்னுடையது குடைக்கம்பி. நிலம் தோண்டும் அலவாங்கு மாதிரி நேரே குத்தி இறங்கியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். குசினிக் கூரையில் பதினாறு ஓடு போயிருந்தது. கப்பல் ஒரு இறக்கை கிழிந்து தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்தது. கைரியா நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அறைதான் கேட்டேன்,” என்றாள். “நீங்க வானத்தையே தந்திட்டீங்க.”

“காத்து புள்ள.”

“காத்தே இல்ல. நாளைக்கு மழ வரும். ஓடு போட மேசன் பாஸுக்குச் சொல்லி அனுப்புங்க.”

மேசன் பாஸுக்குச் சொல்ல என் வாய் வரவில்லை. பங்கு கட்டியவன் எதற்குப் பையில் கை வைக்க வேண்டும்? செயலாளர் வீட்டுக்கு நடந்தேன்.

“ராஜா ஐயா, ஒரு கூரை உடைஞ்சிட்டு. கம்பனி தருமா?”

“ஓம், தருவினம். ஆரின்ரை வீட்டுக் கூரை?”

“என்ட ஊட்டுக் குசினி.”

“உங்கட வீடெண்டால் விதி ஒன்பது. ஒரு ஓடும் வராது, தாஸிம் நானா.”

அப்போதுதான் மாமனாரின் உறுதி ஞாபகம் வந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

“ஐயா, அது என்ட ஊடில்ல.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “போன கிழமையும் உங்கட வீடெண்டுதானே சொன்னனியள்?”

“அது ஒரு பெருமைக்குச் சொன்ன. உறுதி பொஞ்சாதி பேர்ல.”

“அப்ப பாரத்தை நிரப்புவம்.” கம்பனியின் படிவத்தை எடுத்து விரித்தார். “அந்த வீட்டில உங்களுக்கு என்ன உரிமை?”

“ஒண்டுமில்ல.”

“முன் அறையில? கப்பல் அங்கதானே வைச்சிருக்கிறியள். கம்பனி அதைக் கேக்கும்.”

கம்பனி சந்தேகப்பட்டுவிடக் கூடாதே என்று எனக்கு அவசரம். “ஒரு சாண் உரிமையும் இல்ல ஐயா. முன் அறையும் அவட. அவ எடுக்கச் சொன்னா நான் கப்பல எடுக்கணும். நல்லா அழுத்தி எழுதுங்க.”

அழுத்தி எழுதினார். எனக்கு வாசிக்கத் தெரியாது, பெயரை மட்டும் எழுதுவேன். எழுதினேன். சாட்சிக்குப் பளீல் ஒரு கையெழுத்து. நாவலப்பிட்டி ரயில்வேயில் வேலை செய்யும் ராஜலிங்கம் ஒரு கையெழுத்து, அவரும் அங்கத்தவர்தான். போடுமுன் அவர் பாரத்தை முழுக்க வாசித்தார்.

“நானா, இத வீட்டு அம்மா படிப்பாங்களா?”

“படிச்சா என்ன?”

“ஒண்ணுமில்லீங்க. சும்மா கேட்டேன்.”

ராஜலிங்கம் கல்யாணம் முடித்து இருபது வருசமானவர். அந்தக் கேள்வியை நான் கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும்.

வீட்டுச் சொந்தக்காரியும் கையெழுத்து வைக்க வேண்டும். அவளுக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும், அது விதி பத்து. பாரத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். கைரியாவுக்கு அவள் வாப்பா எழுத்துப் படிப்பித்திருந்தார். ஒரு தரம் மனதுக்குள் வாசித்தாள். இன்னொரு தரம் வாய்விட்டு வாசித்தாள்.

“இது நீங்க சொல்லித்தான் எழுதினதா?”

“ஒவ்வொரு எழுத்தும்.”

“கையெழுத்து ஒங்கடதானே?”

“பின்ன?”

“ரெண்டு சாட்சியும் ஈக்கிது.” அவள் முகத்தில் ஒரு அமைதி வந்தது. “நீங்க கெட்டிக்காரன்தான்.”

பதினாலு வருசத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கையெழுத்தை வைத்தாள். நகலை மடித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

கம்பனியின் ஆள் வந்தார். உடைந்த ஓடுகளை எண்ணினார். கைரியா வைத்த வட்டிலப்பத்தில் நாலு துண்டு சாப்பிட்டார். அடுத்த கிழமை புது ஓடு ஏறிவிட்டது. நான் கடைத்தெருவில் தரையில் கால் படாமல் நடந்தேன். கொழும்புக்காரனையே என் கூரைக்கு ஓடு போட வைத்துவிட்டேன் என்று பளீலிடம் நாலு தரம் சொன்னேன். அந்த மனுசனும் நாலு தரமும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சோற்றுக்கு வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஆறு சோடி செருப்பு. விறாந்தை மூலையில் என் கம்பி, மூங்கில், பசைச் சட்டி எல்லாம் அடுக்கியிருந்தது. முன் அறையில் மெஷின் கடகடவென்று ஓடியது. அறைக் கதவில் ஒரு கடதாசி, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தது.

“கைரியா, இது என்ன?”

“தையல் வகுப்பு.”

“என்ட அறை...”

அவள் கதவைக் காட்டினாள். “வாசிக்கட்டா?”

“அது கம்பனிக்குச் சொன்னது புள்ள.”

“அப்ப பொய்யா?”

நான் தொப்பியைக் கழற்றி மடித்தேன்.

“பொய் எண்டா சொல்லுங்க. கம்பனிக்கு நானே ஒரு கடிதாசி எழுதுறன். அவங்க வந்து ஓட்டக் கழட்டிக்கிட்டுப் போகட்டும். பொய் சொல்லிக் காசு வாங்கினவன்ட பேர ராஜா ஐயா சங்கத்துல இருந்து வெட்டுவார். விதி பதினொண்டு.”

“விதி பதினொண்டு ஒனக்கெப்படித் தெரியும்?”

“நீங்க சங்கத்துல சேரக்குள்ள அந்த விதிப் புத்தகத்த வாசிச்சிக் காட்டின ஆள் யாரு?”

உள்ளே மெஷின் நின்றுவிட்டது. ஆறு பிள்ளைகளும் ஊசியைப் பிடித்தபடி என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஒரு பக்கம் அறை. மறுபக்கம் ஞாயிற்றுக்கிழமை, ஆற்றோர வெளி, முன்னூறு முறுக்கு.

“உண்மதான்,” என்றேன்.

“என்னது உண்ம?”

“கடதாசில ஈக்கிறது.”

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. பின்னுக்கு ஈக்கிற புள்ளைக்குக் கேக்கல்ல.”

சத்தமாகச் சொன்னேன்.

கைரியா உள்ளே போனாள். என் கப்பலோடு வந்தாள். கிழிந்த இறக்கையை மெஷினில் தைத்திருந்தாள். தையல் அவ்வளவு நேர், அவ்வளவு இறுக்கம். என் குடைக்கடையில் நான்கூட அப்படித் தைத்ததில்லை. அதைக் குழந்தையைத் தருகிற மாதிரி என் இரண்டு கையிலும் வைத்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, உள்பக்கமாகத் தாழ்ப்பாளைப் போட்டாள்.