பீரங்கித் தாத்தா

கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்றே மாமனார் தன் ஆசையைச் சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளையோட தாத்தா பேரு அந்தக் கல்லுல இருக்குல்ல, அதை இந்தப் புதுக் கண்ணால ஒரு தடவை பார்த்துடணும்மா. ஞாயித்துக்கிழமை போவோமா?"

மகள் உடனே சரி என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் தின்றுகொண்டிருந்த மருமகனுக்குத்தான் சுளை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

நிற்காமல் என்ன செய்யும்? அந்தக் கல்லில் அவருடைய தாத்தா பேர் இல்லை. இருக்கவும் வழியில்லை.

மருமகன் தொழிலால் பெயின்டர். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவர். மாமனார் ஓய்வுபெற்ற சர்வேயர், எல்லைக் கல்லைக் கண்ணால் பார்த்தாலும் நம்பாமல் சங்கிலி போட்டு அளந்தவர். பெண் கேட்டுப் போன அன்று, அப்பா என்ன செய்தார், தாத்தா என்ன செய்தார் என்று வரிசையாக விசாரித்தார். அப்பா வரைக்கும் பெயின்டர் தாக்குப்பிடித்தார். தாத்தா என்றதும் நாக்கு தடுமாறியது. தாத்தா குடை ரிப்பேர் செய்தவர். ஒரு சர்வேயர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே நாக்கு தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, "பீரங்கிப் படையில இருந்தார். சண்டையில உயிரை விட்டுட்டார். கடலோரப் பூங்காவுல நினைவுத் தூண்ல பேரு வெட்டியிருக்காங்க" என்று சொல்லிவிட்டது. உண்மையில், சண்டை வந்த சமயத்தில் தாத்தா செய்த ஒரே வீரச் செயல், கடையைப் பூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய் ஒளிந்துகொண்டதுதான்.

அன்று மாமனார் உடனே எழுந்தார். கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உள் அறைக்குப் போனார். வெகு நேரம் கழித்துக் கண்கள் சிவக்க வெளியே வந்து, பெண்ணைத் தருகிறேன் என்றார்.

அதற்குப் பிறகும் தாத்தா பேச்சை எடுத்தால் இதே கதைதான். எழுந்திருப்பார், கைக்குட்டை, உள் அறை. பெயின்டருக்கு அது பெரிய விஷயம். ஏணி மேல் நிற்கும்போது கீழேயிருந்து "யோவ் பெயின்டர்" என்று கூப்பிடுகிற உலகத்தில், அவருக்காக நாற்காலியை விட்டு எழுந்த ஒரே மனிதர் மாமனார். அந்த மரியாதைக்காகவே தாத்தாவும் வருஷா வருஷம் வளர்ந்தார். முதலில் ஒரு பீரங்கி வைத்திருந்தவர் இப்போது ஒரு கப்பலையே மூழ்கடித்திருந்தார். அந்த மரியாதை ஞாயிற்றுக்கிழமையோடு போகப் போகிறது.

முதலில் மனைவியிடம் முயன்று பார்த்தார். அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கிறுக்கலையே தெளிவாகப் படிக்கிறவள்.

"ஞாயித்துக்கிழமை மழை வரும்ங்கறாங்க."

"குடை இருக்கு."

"மாமா கண்ணுல காத்து படக்கூடாதே."

"கறுப்புக் கண்ணாடி கொடுத்திருக்காங்க."

"எனக்கே ரெண்டு நாளா முதுகு பிடிச்சுக்கிட்டு..."

"நேத்து மூணாவது மாடிக்கு ஏணி போட்டு எழுதினீங்களே, அப்ப முதுகை வீட்டுல வச்சிட்டா போனீங்க?"

பெயின்டர் வேறு வழி தேட ஆரம்பித்தார்.

சனிக்கிழமை, வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் பூங்காவுக்கு ஓடினார். சாயமும் தூரிகையும் பையில் இருந்தன. தூணில் தாத்தா பேரைத் தானே எழுதிவிடுவது என்று உத்தேசம். குன்றின் மேல் நின்ற தூணைப் போய்ப் பார்த்தால் பேர்களெல்லாம் கருங்கல்லில் உளியால் ஆழமாக வெட்டப்பட்டிருந்தன. அத்தனை அழகான எழுத்து. தொழில்காரர் என்பதால் சற்று நேரம் தன் கஷ்டத்தை மறந்து ரசித்தார். பிறகு நினைவு வந்து, குன்றை விட்டு இறங்கினார்.

கீழே ஏரிக்கரையில் பூங்காக்காரர்கள் கயிறு கட்டி, நாரைகள் முட்டையிட்டிருப்பதால் இந்தப் பக்கம் வரக் கூடாது என்று ஒரு பலகை வைத்திருந்தார்கள். எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் ஒருவரும் கயிற்றைத் தாண்டவில்லை. பெயின்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். குன்றுக்கு ஏற ஒரே ஒரு படிக்கட்டுதான்.

சாயந்திரத்துக்குள் அந்தப் படிக்கட்டின் அடியில் ஒரு கயிறும் ஒரு பலகையும் வந்துவிட்டன. "அரிய பறவை முட்டையிட்டிருக்கிறது. மேலே செல்லாதீர்கள்." இதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். பலகையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. காலி இடத்தைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. சிவப்புக் கொண்டையும், மஞ்சள் கழுத்தும், நீல நிறத்தில் நீண்டு சுருண்ட வாலுமாக ஒரு பறவையை வரைந்தார். தூர நின்று பார்த்து, வாலில் இன்னொரு சுருள் சேர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பினார்கள். சாரல் அடித்தது. மாமனார் தன் குடையை விரித்து மருமகனையும் உள்ளே சேர்த்துக்கொண்டார். அதில் ஒரு கம்பி உடைந்து, துணி தொங்கி, பெயின்டரின் காதுக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது. இருக்கிற பயத்தில் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

பூங்காவில் முடிந்த மட்டும் நேரத்தைக் கடத்தினார். கடலைக் காட்டினார். கடலில் ஒன்றும் இல்லாத இடத்தைக் காட்டி, அங்கே ஆமை தெரிகிறது என்றார். பாதையைக் கடந்த உடும்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். மாமனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சரி மாப்பிள்ளை, தூண் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"அந்தப் பக்கம் போக விடமாட்டாங்க மாமா. ஏதோ பறவை முட்டை போட்டிருக்காம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி.

"கேள்விப்பட்டேன்."

படிக்கட்டுப் பக்கம் திரும்பியதும் பெயின்டருக்கு உயிரே போய்விட்டது. அங்கே ஒரு கூட்டம். சனிக்கிழமை இரவே யாரோ பலகையைப் படமெடுத்துப் போனில் பரப்பியிருந்தார்கள். ஊரில் உள்ள பறவைப் பைத்தியங்கள் எல்லாரும் பெரிய பெரிய கேமராக்களோடு வந்து, கயிற்றுக்கு வெளியே மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் குன்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் பூங்காக் காவலர், முகம் சிவந்து, பலகையைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

"இது எங்க போர்டே இல்லைங்க. எவனோ விளையாடியிருக்கான். சிக்கட்டும், ஸ்டேஷன்ல வச்சுப் பேசிக்கறேன்." தட்டிய விரலைப் பார்த்தார். நீலச் சாயம் ஒட்டியிருந்தது. "இன்னும் காயக்கூட இல்ல."

பெயின்டர் தன் விரல்களை மெதுவாகச் சட்டைப் பைக்குள் செருகினார். நகக் கண்களில் அதே நீலம். மனைவி அந்தப் பையைப் பார்த்தாள். பலகையில் இருந்த வாலைப் பார்த்தாள். அவள் கடை வாசலிலும், வீட்டு பீரோவிலும், தெருமுனை சலூனிலும் சுருண்டு கிடப்பது இதே வால்தான். மாமனார் முன்னால் காவலர் தன் கையைப் பிடித்து இழுத்துப் போவது போலப் பெயின்டர் கண்ணுக்குத் தெரிந்தது.

மனைவி நேராகக் காவலரிடம் போனாள். பெயின்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், போனது போகட்டும். உங்க மத்த போர்டெல்லாம் அழிஞ்சு, கோணிக்கிட்டுக் கிடக்கு. இவர் பெயின்டர்தான். இந்த மாசம் பூரா ஞாயித்துக்கிழமை வந்து எல்லாத்தையும் புதுசா எழுதிக் கொடுத்துடுவார். காசு வேண்டாம்."

காவலர் பெயின்டரையும் பார்த்தார், பைக்குள் இருந்த கையையும் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது என்றுதான் தோன்றியது. ஏரிக்கரைப் பலகையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு, கயிற்றை அவிழ்த்து வழி விட்டார்.

இப்போது படிக்கட்டுக்கும் மாமனாருக்கும் நடுவில் தடையே இல்லை. மாமனார் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு ஏறினார். பின்னால் பெயின்டர் ஏறினார். மேலே துருப்பிடித்த பீரங்கி ஒன்று கடலைப் பார்த்து நின்றது. அதன் பக்கத்தில் தூண்.

மாமனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதல் பேரில் விரலை வைத்தார். நிலத்தை அளப்பது போலவே நிதானமாக, ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டு போனார். ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம் போனார். பெயின்டர், மழையில் எழுத்து தேய்ந்திருக்கலாம் என்றார். தேயவில்லையே, நன்றாகத் தெரிகிறதே என்றார் மாமனார். மூன்றாவது பக்கம். நான்காவது பக்கம். கடைசிப் பேரில் விரல் நின்றது.

மாமனார் நிமிர்ந்தார். மருமகனைப் பார்த்தார். உதடு துடித்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு பீரங்கிக்குப் பின்னால் போய்விட்டார். தோள்கள் குலுங்குவது தெரிந்தது.

பெயின்டருக்குத் தாங்கவில்லை. தன்னை மதித்த ஒரே மனிதரை இந்த வயதில், ஆபரேஷன் செய்த கண்ணோடு அழ வைத்துவிட்டோமே என்று அவருக்கே அழுகை வந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பாவி. தாத்தா பேரு இதுல இல்ல. அவர் படையிலயே இல்ல. மாமாவோட மனசை ஒடைச்சுட்டேன். போய்ச் சமாதானம் சொல்லு. கண்ணுக்கு ஆகாது."

"சமாதானமா? அவர் சிரிக்கறாருங்க."

பெயின்டர் கையை விட்டார்.

"நீங்க பெண் கேட்டு வந்தீங்கள்ல, மறுநாளே அப்பா இங்க வந்து எல்லாப் பேரையும் படிச்சுப் பார்த்துட்டாரு. அவர் சர்வேயருங்க. அளக்காம விடுவாரா?"

"அப்புறம் ஏன் உன்னைக் கட்டிக் கொடுத்தார்?"

"பையனுக்குப் பொய் சொல்லத் தெரியல, சொல்றப்பவே மூஞ்சியில தெரியுது, இவன் உன்னை ஜென்மத்துக்கும் ஏமாத்த முடியாதுன்னார். அதுக்குத்தான்."

"அப்ப, நான் தாத்தா கதை சொல்றப்பல்லாம் மரியாதையா எழுந்து உள்ளே போவாரே..."

"உங்க முன்னாடி சிரிச்சா நல்லா இருக்காதேன்னுதான். கப்பலை மூழ்கடிச்ச அன்னைக்குத் தலையணையைக் கடிச்சுக்கிட்டுப் படுத்துட்டாரு. ஆபரேஷன்ல ரொம்பச் சோர்ந்து போயிருந்தாரு. பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன், இவர் எப்படித் தப்பிக்கறாருன்னு பார்க்கலாம்ப்பான்னு நான்தான் சொன்னேன். பறவை வரைவீங்கன்னு நாங்களே எதிர்பார்க்கல."

பெயின்டர் தூணைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். குதித்துவிடலாமா என்றுகூட நினைத்தார், நீச்சல் தெரியாது. சரி, போனது போகட்டும், பீரங்கிதான் பொய் என்று தெரிந்துவிட்டது, குடை விஷயமாவது தெரியாமல் தப்பித்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பீரங்கிக்குப் பின்னாலிருந்து வந்தார். முகத்தில் மரியாதை குறையவே இல்லை. மறுபடியும் சாரல் பிடித்தது. கையிலிருந்த குடையை விரித்து, தொங்கிய பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதை மருமகனிடம் நீட்டினார்.

"இந்தக் கம்பியைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க மாப்பிள்ளை. உங்க தாத்தா தொழிலாச்சே."