எர்சிலியோ வாங்கிய மேகப் புத்தகம்

ஆறு வயது மகளை விஞ்ஞானி ஆக்கியே தீருவது என்று எர்சிலியோ ஒரு வியாழக்கிழமை முடிவெடுத்தான். ஞாயிற்றுக்கிழமை மூலைக்கடை வாசலில் அவன் ஆடவேண்டிய டொமினோக் கட்டை ஆட்டத்தின் இறுதிப் போட்டி. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரிதான் முகத்தை வைத்துக்கொண்டான்.

ஞாயிறு மதியம் மனைவி டோமித்திலா சுருள் முடியைச் சூடு வைத்து நேராக நீட்டிக்கொள்ள சலூனுக்குப் போவாள். மகள் யாமிலேவை அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். பூகம்பம் வந்தாலும் சாந்தியாகோ நகரத்தில் எந்தப் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமைச் சலூனைத் தள்ளிப்போட மாட்டாள். மழை வந்தால் மட்டும் தள்ளிப்போடுவாள். நீட்டிய முடியில் நாலு சொட்டு விழுந்தால் மூன்று மணி நேரம் வெந்ததெல்லாம் சுருண்டுகொள்ளும்.

ஆகவே படப் புத்தகம் வாங்கினான். பக்கத்துக்குப் பக்கம் மேகம்.

"நீயா புத்தகம் வாங்கின?" என்றாள் டோமித்திலா. "ஏன், மேசைக்கால் ஆடுதா?"

"பிள்ளைக்கு அறிவியல் ஆர்வம் வரணும். உலகம் எங்கேயோ போய்க்கிட்டிருக்கு, நாம இன்னும் முடியை நீட்டிக்கிட்டிருக்கோம்."

"உலகத்தைப் பத்தி நீ எப்பய்யா கவலைப்பட ஆரம்பிச்ச?"

மூன்று நாள் பாடம் நடந்தது. மேகங்களின் பெயர் ஒன்றும் அவன் வாயில் நுழையவில்லை. கடைசியில் விஞ்ஞானத்தை ஒரே வரியாகச் சுருக்கிவிட்டான்: "ஞாயித்துக்கிழமை மேலே பாரு. 'மூணு மணிக்கு மழை வரும்'னு அம்மாகிட்ட சொல்லு."

ஞாயிறு வந்தது. யாமிலே ஜன்னலில் தலையை நீட்டினாள். "அம்மா, மூணு மணிக்கு மழை வரும்."

"ஐயோ பாவம், உன் சலூன்!" என்றான் எர்சிலியோ. கை அதற்குள் டொமினோச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தது. "விஞ்ஞானம் சொன்னா கேட்டுக்கணும்."

"கேட்காம? இதோ இப்பவே கிளம்பறேன். ஆனா மூணுக்குள்ள சலூன் வேலை முடியாது. புதுசா நீட்டின முடியோட மழையில நடக்க நான் என்ன பைத்தியமா? மழை விட்டப்புறம்தான் வருவேன். பிள்ளையைப் பார்த்துக்க ராசா."

கதவு சாத்திக்கொண்டது.

நாலு மணி. வானத்தில் மூன்று பஞ்சு மேகம், மிச்சமெல்லாம் வெயில். மூலைக்கடைப் பக்கமிருந்து மேசையில் டொமினோக் கட்டைகளை அறையும் சத்தம். கூட்டாளி கூக்கோ போனில் கத்தினான்: "உன் இடத்துல உன் மச்சான் உட்கார்ந்து வெளுத்து வாங்கறான்யா! நீ வரமாட்டேன்னு காலையிலேயே உன் பொண்டாட்டி அவனுக்குச் சொல்லி அனுப்பிட்டாளாமே!"

எர்சிலியோ சலூனுக்கு போன் போட்டான். "டோமித்திலா, வெயில் கொளுத்துது. வந்துடேன்."

"மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?" அவள் பின்னால் நாலு பெண்கள் சிரிப்பது கேட்டது. "ஆரம்பிக்காத மழை எப்படிய்யா விடும்?"

யாமிலே தரையில் குப்புறப் படுத்து, வண்ணக் குச்சியால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"மேலே இருக்கறது பஞ்சு மேகம், மழை தராதுன்னு நான் காலையிலேயே அம்மாகிட்ட சொல்லிட்டேம்ப்பா. பரவாயில்ல, அப்பா சொன்னதையே சொல்லுன்னு அம்மாதான் சொன்னா."

"சரி, இப்ப என்ன எழுதற?"

"தப்பாப் போன கணிப்பையும் எழுதி வைக்கணுமாம், யாரு சொன்னதுன்னு. புத்தகத்துல போட்டிருக்கு." குச்சியை உயர்த்தினாள். "அப்பா, உன் பேரை எப்படி எழுதறது?"