இருபது அறைக் குரல்பெட்டியைக் காத்த போர்

மின்தூக்கிக் குழாயின் இருளை இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்டவரே, எஃகுக் கயிறுகளை நாடிபிடித்து நோயறிந்தவரே, பதினான்காம் மாடி உயரத்தில் லிப்டின் கூரைமேல் நின்று கலங்காமல் தேநீர் அருந்திய திண்ணியரே, லிப்ட் மெக்கானிக்கே, வாழி! நும் கிரீஸ் படிந்த கைகள் வாழி! அக்கைகளில் கிடந்து நடுங்கிய, திரையில் மூன்று கீறல் விழுந்த கைப்பேசி அதனினும் வாழி! அதன்பொருட்டு மூண்டதும், உலகம் அறியாததும், அறிந்திருந்தாலும் தலைதிருப்பிப் பாராததுமான பெரும்போரை இனிச் சொல்வேன்.

லிப்ட் ஓடும் குழாய்க்குள் சிக்னல் நுழையாது. ஆகவே மெக்கானிக்கின் மனைவி பகலில் அழைத்த ஓர் அழைப்பையும் அவர் எடுத்ததில்லை. அவள் குரல் மட்டும் போன் கம்பெனியின் வாய்ஸ் மெயில் பெட்டியில் போய் இறங்கி, அவர் வெளிச்சத்துக்கு ஏறிவரும்வரை காத்துக் கிடக்கும். "சாவியை மேல்வீட்டுல குடுத்திருக்கேன்." "மழை வருது, துணியை எடுத்துட்டேன். நீங்க கவலைப்படாதீங்க. படவும் மாட்டீங்க." இத்தகைய அருமொழிகளை விட்டுச் சென்றவள், ஏழு வாரங்களுக்கு முன் இரண்டே நாள் காய்ச்சலில் அவரையும் விட்டுச் சென்றாள்.

அப்பெட்டிக்கு அறைகள் இருபது. இருபத்தோராவது செய்தி வந்தால் ஆகப் பழையது வெளியே தள்ளப்படும். தள்ளப்பட்டது எங்கே போகிறது என்பதைக் கம்பெனியும் அறியாது. இச்சட்டத்தை அறிந்தோ அறியாமலோ பகைவர் படையெடுத்தனர். வாகனமே இல்லாதவரிடம் வாகனக் காப்பீடு விற்போர், வாடகை வீட்டுக்காரரிடம் மேற்கூரைத் தகடு விற்போர், தேன் குழைத்த குரலில் "வணக்கம் சார்" என்று தொடங்கி இரண்டு நிமிடம் நிறுத்தாதோர் எனத் திரண்டு வந்து, ஒவ்வொரு வணக்கத்துக்கும் அவளுடைய ஒரு செய்தியைத் தள்ளினர். பதினான்காய் இருந்தவை பதினொன்றாயின. பகைவரின் செய்தியை அழித்தால் தீருமே என்பீர்கள். நம் தலைவர் ஒருநாள் அதைத்தான் செய்யப் போய், விரல் பிசகி, துணியெடுத்த செய்தியை அழித்துவிட்டார். பதினொன்று பத்தானது. அன்றே சூளுரைத்தார்: "இந்த வீட்டுல யாரும் அந்த அழிக்கிற பொத்தானைத் தொடக்கூடாது."

காலியான அவ்வறையையும் மறுநாளே ஒரு காப்பீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். ஆக, பகைவர் பத்து, அவள் பத்து.

எஞ்சிய பத்தைக் காக்க ஒரு குரல்செய்திச் சேவையைத் தேர்ந்தெடுப்பதற்கு ஞாயிறு மதியம் போர்க்குழு கூடியது. குழு என்றால் நம் தலைவரையும் சேர்த்து மூவர். மருந்துக்கடையில் டாக்டர் சீட்டின் எக்கையெழுத்தையும் வாசித்துவிடும் கூர்விழியாள் மகள், கட்டணச் சேவையின் பக்கம் நின்றாள். பிறர் ஓட்டும் வண்டிக்குப் பிரேக் போட்டே புகழ்பெற்ற டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், இறந்தவளின் தம்பி, இலவசச் சேவையின் கொடியைப் பிடித்தார். செய்திகளையெல்லாம் பெயரும் நேரமுமாகத் திரையில் வரிசையாய்க் காட்டுவதும், வேண்டியதைத் தொட்டுக் கேட்க விடுவதும் இரண்டுக்கும் பொது. மற்றபடி அவை இருவேறு தந்திரமுள்ள சிற்றரசுகள்.

"ஓசில கிடைக்கிறதை எவனாவது வேணாம்பானா அத்தான்?" என முழங்கினார் மைத்துனர். ஓசிக்கு வாய் பெரிது. தொடர்பு எண்களைத் தா என்றது. இருப்பிடத்தைத் தா, படங்களைத் தா என்றது. அத்தனையும் பெற்றுக்கொண்டு, ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அரை நிமிடம் விளம்பரமும் ஓட்டியது. நம் தலைவரின் வயதையும் நிலையையும் எங்கோ மோப்பம் பிடித்த அப்பேரறிவு, அவர் தம் மனைவியின் பெயரைத் தொட்டபோது, "மறுமணத்துக்கு வரன் தேடுகிறீர்களா?" என்று இசையோடு வினவியது. மைத்துனர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதுக்குத்தான் சொன்னேன் மாமா, காசு குடுத்தா மரியாதை இருக்கும்" என்றாள் மகள். மரியாதை இருந்தது. முதல் ஏழு நாள் இலவசம் என்று எட்டு யானை நுழையும் வாயிலைத் திறந்து வைத்திருந்தது அந்த அரசு. வெளியேறும் வழியை மட்டும் ஏழு திரைகளுக்கு அப்பால், எறும்புக்கும் தலைகுனிவு நேரும்படி கட்டியிருந்தது. எண்ணற்ற செய்திகள், என்றென்றும் பாதுகாப்பு என்றது. அதன் கீழே கூர்விழியாள் மட்டுமே வாசிக்கக்கூடிய எழுத்தில், சேர்ந்த நாளுக்குப் பின் வருபவற்றுக்கே இவ்வாக்கு என்றும் இருந்தது. சேர்ந்த நாளுக்குப் பின் அவள் எங்கிருந்து அழைப்பாள்?

இருவரும் விடவில்லை. எது விரைவு, எது தெளிவு எனச் சோதித்தே தீர்வோம் என்று களம் புகுந்தனர். மகள் அடுக்களையிலிருந்து அழைத்தாள்: "அப்பா, டெஸ்ட். ஒண்ணு, ரெண்டு, மூணு." மைத்துனர் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழைத்தார்: "ஹலோ அத்தான், நான்தான். பக்கத்து ரூம்ல இருக்கேன். கேக்குதா?" எடுக்காதீர்கள் என்று இருவரும் ஆணையிட்டிருந்ததால், முரசென அதிர்ந்த கைப்பேசியைத் தலைவர் கைகட்டிப் பார்த்திருந்தார். இடியொத்த இருமல்களும், பாடலின் பாதி வரியும், "இப்ப தெளிவா இருக்கா" என்ற வினாக்களும் அம்புமாரியாய்ப் பொழிந்தன. இரண்டு சேவைகளும் திறந்து காட்டியது அதே பழைய இருபது அறைப் பெட்டியைத்தான் என்பது, வெற்றியாளரை அறிவிக்க மகள் பட்டியலைக் கீழிறக்கியபோதுதான் தெரிந்தது.

அவள் பெயரில் ஒரே ஒரு வரி இருந்தது.

பகைவர் ஏழு வாரத்தில் செய்யாததை அன்பர் அரை மணியில் செய்து முடித்திருந்தனர்.

"நான் அஞ்சு போட்டேன் அத்தான்" என்றார் மைத்துனர், விரல்விட்டு எண்ணி. "இவ நாலு."

தலைவர் வாளெடுக்கவில்லை. அவ்வொற்றை வரியைத் தொட்டார். ஒன்பது நொடி. "எடுக்க மாட்டீங்கன்னு தெரியும். சும்மாதான் கூப்பிட்டேன்."

மகள் அழுதுகொண்டே தன் கைப்பேசியை அருகில் பிடித்து அதைப் பதிந்துகொண்டாள். இலவசமும் தேவைப்படவில்லை, கட்டணமும் தேவைப்படவில்லை. "பத்திரமா இருக்குப்பா. இனிமே போனா போகட்டும்."

"அது நகல்மா. அவ கூப்பிட்டது என் போனுக்கு."

"அப்ப மத்ததையாவது அழிச்சிடலாம்பா."

"பொத்தான்ல கை வைக்காதே."

எஞ்சிய வழி ஒன்றே: எந்த அழைப்பும் பெட்டிக்குப் போகக் கூடாது. எனவே இருபத்திரண்டு ஆண்டு ஆண்ட இருளைக் கூட்டாளிக்கு விட்டுக்கொடுத்து, மொட்டைமாடி மோட்டார் அறைப் பணியைக் கேட்டு வாங்கினார். அங்கே நான்கு கோடு சிக்னல் உண்டு. காற்று அறையும் அவ்வுச்சியில், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கைப்பேசி எப்போது அதிர்ந்தாலும், முழு மோட்டாரையும் நிறுத்திவிட்டு, இரண்டாவது மணி அடிக்குமுன் எடுத்து, எதிரி எவராயினும் இடைமறிக்காமல், "சொல்லுங்கம்மா" என்று இறுதிவரை கேட்கிறார் அம்மாவீரர்.

அவரிடம் இப்போது நான்கு கிரெடிட் கார்டுகள் இருக்கின்றன.