தவிர்க்க வேண்டிய கடை

மணிக்கூண்டுக்குள் படிக்கட்டே இல்லை.

ஊர்சுற்றி அதை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தான். நம்பிக்கை போகாமல் இன்னொரு முறையும் சுற்றினான். கதவு என்று ஒன்று இருந்தது. அதுவும் அவன் இடுப்பு உயரம்தான். பூட்டியும் இருந்தது. பின்னால் மனைவி, மச்சினன், மச்சினனுக்குப் புதிதாக வந்த பெண்டாட்டி, மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். மச்சினன் கையில் ஊர்சுற்றியே எழுதிய கட்டுரைகளின் அச்சுப்பிரதி. அதில் ஒரு வரிக்கு மஞ்சள் கோடு வேறு போட்டிருந்தான்: 'இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். மூச்சு வாங்கும். ஆனால் மேலே போய் நின்றால் மொத்த நகரமும் உங்கள் காலடியில்.'

மச்சினன் சர்வேயர். நிலத்தை அளந்து அளந்து, எதைப் பார்த்தாலும் அளந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

"மாமா, ஒரு பக்கச் சுவரே எட்டடிதான் வருது. இதுக்குள்ள எரநூத்திப் பன்னெண்டு படியை எப்படி வெச்சிருக்காங்க?"

அவன் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். குத்தலாகக் கேட்டிருந்தால்கூட ஊர்சுற்றி சமாளித்திருப்பான்.

சுருள் படி என்றான். பழுது பார்க்கிறார்கள் போலிருக்கிறது, அதனால்தான் பூட்டியிருக்கிறார்கள் என்றான். அதோடு வாயை மூடியிருக்கலாம். நம்புகிற மாதிரி இருக்கட்டுமே என்று அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியைப் பார்த்து, "எப்பங்க தொறப்பீங்க?" என்று வேறு கேட்டுவைத்தான்.

காவலாளி செய்தித்தாளை மடித்தார். தான் இங்கே முப்பத்தோரு வருஷமாக உட்கார்ந்திருப்பதாகவும், உள்ளே கடிகார இயந்திரமும் ஒரு புறாக் குடும்பமும் தவிர எதுவும் கிடையாது என்றும், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வருகிற ஆளே வெளியே ஏணி போட்டுத்தான் ஏறுவான் என்றும் நிதானமாகச் சொல்லிவிட்டு, மறுபடி தாளை விரித்துக்கொண்டார்.

மனைவி கைப்பையிலிருந்து தண்ணீர் எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

ஊர்சுற்றி என்பது மனைவி வீட்டார் வைத்த பெயர். மரியாதையாகத்தான் வைத்தார்கள். வெளியூர்ப் பயணிகளுக்கு எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று போன் செயலியில் எழுதிப் போடும் ஒரு நிறுவனத்தில் அவனுக்கு வேலை. சனிக்கிழமை ஆனால் ஓர் இடம் பார்க்க வேண்டும், ஒரு கடையில் சாப்பிட வேண்டும், திங்கட்கிழமை எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷமாக ஒரு வாரம் தவறாமல் எழுதிக் கொடுத்திருக்கிறான். இரண்டு வருஷத்தில் ஓர் இடத்துக்குக்கூடப் போனதில்லை. போய்வந்த புண்ணியவான்கள் போனில் எழுதிவைத்திருப்பதில் இங்கே நாலு வரி, அங்கே நாலு வரி எடுத்து, கொஞ்சம் மூச்சு வாங்க வைத்து, கொஞ்சம் தென்றல் வீச வைத்தால் கட்டுரை ரெடி.

அப்படியானால் சனிக்கிழமை சனிக்கிழமை எங்கேதான் போகிறான்?

அம்மா வீட்டுக்கு.

ரயிலில் பதினோரு நிலையம். போனதும் மிளகும் எலுமிச்சையும் போட்டு வறுத்த மீன், சுடச்சுடச் சோறு. சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தால் நாலு மணி வரை அசைய மாட்டான். இதில் என்ன தப்பு என்று யாரும் கேட்கலாம். அவன் மனைவியும் அம்மாவும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது என்பதுதான் தப்பு. ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் மருமகள் வறுத்த மீனை வாயில் வைத்துவிட்டு, 'உப்பு சரியா இருக்கு' என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் சொல்லாததுதான் பிரச்சினை. 'இனிமே அந்த வீட்டுச் சோறு நம்ம வாயில படக்கூடாது' என்றாள் மனைவி. இவனும் தலையை ஆட்டினான். ஆட்டிய அடுத்த சனிக்கிழமையே ரயில் ஏறினான்.

இப்போது எல்லாம் வெளியே வந்தால், எங்கேயும் போகலையா, அப்ப எங்க போனீங்க என்று கேட்பாள். வேறொருத்தி வீட்டுக்குப் போனேன் என்றால்கூட நாலு நாள் அழுதுவிட்டு மன்னித்துவிடுவாள். உன் மாமியார் கையால் நூறு தடவை சாப்பிட்டேன் என்றால் அவன் கதி அதோகதி.

"சரி விடு, மியூசியம் போவோம்" என்றான். அது ஒன்றும் புறாக் கூண்டு இல்லை. பெரிய கட்டடம், பேருந்திலிருந்தே பார்த்திருக்கிறான்.

கட்டடம் பெரிதாகத்தான் இருந்தது. கேட்டும் பெரிதாக இருந்தது. அதில் துருப்பிடித்த தகரப் பலகை தொங்கியது: சனிக்கிழமை விடுமுறை. அந்தத் துருவுக்கே பத்து வயசு இருக்கும்.

"நீங்க போனது சனிக்கிழமைதானே?" என்றாள் மனைவி. சும்மா ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் கேட்டாள்.

பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் தனியாகத் திறந்துவிடுவார்கள் என்றான் ஊர்சுற்றி. மியூசியம் டைரக்டரே கூட வந்து ஒவ்வொரு அறையாகக் காட்டினார் என்றான். அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. மச்சினனுக்கு முகமெல்லாம் பல். "அக்கா, மாமாவுக்கு டைரக்டரையே தெரியுமாம்" என்றான்.

"அப்படின்னா அவருக்கு ஒரு போன் போடுங்களேன்" என்றாள் மனைவி. "பத்து நிமிஷம் தொறந்துவிடச் சொல்லலாம். புதுப்பொண்ணு ஆசையா வந்திருக்கா."

ஊர்சுற்றி போனை எடுத்து நாலு எண்ணைத் தட்டிக் காதில் வைத்துக்கொண்டான். வணக்கம் சார் என்றான். குடும்பத்தோடு வந்திருக்கிறேன் சார் என்றான். அடடா, வெளிநாட்டிலா இருக்கீங்க, பரவாயில்லை சார் என்று அவன் உருகிக்கொண்டிருக்கும்போதே, காதில் வைத்திருந்த போன் கணகணவென்று மணி அடித்தது.

நாலு பேரும் போனைப் பார்த்தார்கள். திரையில் 'பிளம்பர்' என்று வந்தது.

பிளம்பர் என்றால் அம்மா. இரண்டு வருஷம் முன்னால், மிகவும் புத்திசாலித்தனம் என்று நினைத்து அவன் செய்துவைத்த வேலை அது.

"எடுங்க" என்றாள் மனைவி. "பாவம், காத்துக்கிட்டிருப்பாரு."

எடுத்தான். எடுக்காமல் என்ன செய்வான். மணி பன்னிரண்டு ஆகிறது, காலையிலிருந்து அடுப்படியே கதியாக நிற்கிறேன், எங்கேடா இருக்கிறாய் என்று அம்மா பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு முடியாதுங்க" என்றான் ஊர்சுற்றி. "வீட்ல ஆள் இல்லீங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாங்க."

"என்னடா பெத்தவளையே 'ங்க' போடுற? உடம்புக்கு என்ன?"

"கொஞ்சம் ஒழுகுதுங்க."

"மூக்கா?"

"ஆமாங்க, அதேதாங்க" என்று சொல்லிவிட்டு அவசரமாக வைத்தான். நம் வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகவில்லையே என்றாள் மனைவி. ஒழுகுவதற்கு முன்னாலேயே சொல்லி வைப்பதுதான் நல்லது என்றான் இவன். சர்வேயர் மச்சினன் இதைக் கேட்டு, பொறுப்பான மனுஷன் என்பது போலத் தலையை ஆட்டினான்.

அப்போதுதான் புதுப்பெண் அன்றைக்கு முதல்தடவையாக வாயைத் திறந்தாள். "அண்ணா, பசிக்குது."

நல்லவேளை என்று இருந்தது ஊர்சுற்றிக்கு. அவன் பிரமாதம் என்று எழுதிய ஒரு கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. நாலாவது மாடி, திறந்த மொட்டைமாடி, செடிகொடி நடுவில் மேஜை, சூப் குடிக்கும்போது முகத்தில் தென்றல். லிஃப்ட் ஓடவில்லை. மூச்சிரைக்க நாலு மாடி ஏறினார்கள். கதவைத் தள்ளினால் மருந்து வாசனை. வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, யாருக்குப் பல் வலி என்று கேட்டாள்.

யாருக்கும் இல்லை என்றார்கள். ஊர்சுற்றிக்கு மட்டும் பல்லெல்லாம் கிட்டித்துப்போயிருந்தது.

சாப்பாட்டுக் கடையைக் காலி செய்து மூன்று வருஷம் ஆகிறதாம். இவன் அங்கே சாப்பிட்டதாக எழுதி எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதம் என்பது தாளிலேயே தேதியோடு இருந்தது. மச்சினன் அதைப் பார்த்தான், பல் டாக்டர் பலகையைப் பார்த்தான், காத்திருப்போர் நாற்காலியில் போய் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தான். ஊர்சுற்றிக்கு உயிரே இல்லை. மாட்டிக்கொண்டோம், முடிந்தது என்று சுவரில் சாய்ந்துவிட்டான்.

ஐந்து நிமிஷம் கழித்து மச்சினன் எழுந்தான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. கருவி எப்பவாவது தப்பு காட்டுச்சுன்னா தூக்கிப் போட்டுடுவோம். எப்பவுமே தப்பு காட்டுச்சுன்னா போட மாட்டோம். அதைவிட நல்ல கருவி கிடையாது. திருப்பிப் படிச்சுக்க வேண்டியதுதான்."

என்று சொல்லிவிட்டுத் தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். பத்தும் நல்லது என்றால் படிப்பவன் நம்ப மாட்டான், ஒன்றையாவது திட்டு என்பது அலுவலகத்து விதி. அதற்காக ஊர்சுற்றி அம்மா வீட்டுக்குப் போகிற வழியில் ரயில் ஜன்னலிலிருந்து கண்ணில் பட்ட, பெயர்ப்பலகை வெளுத்துப்போன ஒரு கடையைப் பிடித்துப் போட்டிருந்தான். 'தவிர்க்க வேண்டிய கடை' என்று தலைப்பு. 'இங்கே மீனைத் தொட்டால் உங்கள் சுற்றுலா ஆஸ்பத்திரியில் முடியும்' என்று எழுதியிருந்தான்.

"இங்கதான் போறோம்" என்றான் மச்சினன்.

ஊர்சுற்றிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கடையிலிருந்து அம்மா வீடு இரண்டே தெரு. ஆனால் அவனுக்கு முன்னால் மனைவியே குறுக்கே விழுந்தாள். அங்கே வேண்டாம்டா, சனிக்கிழமை இந்த நேரத்துக்கு உட்கார இடம் கிடைக்காது என்றாள். தன் எழுத்தை நம்பித்தான் தடுக்கிறாள், இந்த உலகத்தில் அதை இன்னும் நம்புகிற ஒரே ஜீவன் இவள்தான் என்று நினைத்துக்கொண்டான் ஊர்சுற்றி. மச்சினன் அசையவில்லை. புதுப்பெண் அதற்குள் மூன்றாவது மாடிக்கு இறங்கிப் போயிருந்தாள்.

பதினோரு நிலையம் ரயிலில் போனார்கள். கடையில் நிஜமாகவே இடம் இல்லை. சுவரோரம் நின்று காத்திருந்து ஒரு மேஜையைப் பிடித்தார்கள். மனைவி யாரிடமும் வழி கேட்காமல் பின்பக்கம் போய்க் கை கழுவிவிட்டு வந்து, கல்லாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஊர்சுற்றி முகத்துக்கு நேராக உணவுப் பட்டியலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அம்மா இந்தப் பக்கம் வந்துவிடக்கூடாது என்று எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டான்.

மீன் வந்தது.

மச்சினன் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். புதுப்பெண் குனிந்த தலை நிமிரவில்லை. ஊர்சுற்றியும் ஒரு துண்டைப் பிய்த்தான். வாயில் வைத்தான்.

அப்படியே உறைந்துபோனான்.

அதே மிளகு. அதே எலுமிச்சை. ஓரம் மட்டும் கொஞ்சம் கருகலாக, உள்ளே பஞ்சு மாதிரி. நூறு சனிக்கிழமை சாப்பிட்ட மீன். கண்ணைக் கட்டிக் கொடுத்தால்கூடச் சொல்லிவிடுவான். இந்தக் கை உலகத்திலேயே ஒரு கைதான்.

அம்மா இந்தக் கடையில் சமையல் வேலை பார்க்கிறார்.

அறுபத்தாறு வயசு. மூட்டு வலி. மகன் சம்பாதிக்கிறான், ஊரெல்லாம் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறான், பெற்றவள் ரயிலடிக் கடையில் அடுப்புப் புகையில் நிற்கிறாள். அடுப்படியே கதியாக நிற்கிறேன் என்று சொன்னாரே. எந்த அடுப்படி என்று கேட்டானா அவன்.

எழுந்து நின்றுவிட்டான். தொடை பட்டு மேஜை ஆடியது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள்.

"நான் எங்கயும் போகல" என்றான் மனைவியைப் பார்த்து. குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "மணிக்கூண்டு, மியூசியம், ஒண்ணுக்கும் போகல. ரெண்டு வருஷமா சனிக்கிழமை ஆனா எங்கம்மா வீட்லதான் சாப்பிட்டேன். பிளம்பர்னு ஒருத்தரும் கெடையாது, அது எங்கம்மா. இந்த மீன் எங்கம்மா வறுத்தது. நீயும் அவங்களும் பேசாம இருந்து, நானும் கேக்காம இருந்து, இன்னைக்கு இங்க கொண்டாந்து விட்டிருக்கு. நீ என்ன வேணாலும் சொல்லு. நான் இப்ப அவங்களைக் கூட்டிட்டு வரேன்."

மனைவி வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்துவிட்டான்.

உள்ளே அம்மா இல்லை. முறுக்கு மீசையும் முழங்கை வரை மாவுமாக ஒரு மாமிசமலை, நீளக் கரண்டியோடு மீனைப் புரட்டிக்கொண்டிருந்தது. மிளகைத் தூவியது. எலுமிச்சையைப் பிழிந்தது.

"அம்மா எங்கே?" என்றான் ஊர்சுற்றி.

"எங்கம்மாவா? அவங்க ஊர்ல இருக்காங்க" என்றார் சமையல்காரர். "எதுக்கு?"

இங்கே வயசான பெண்மணி யாராவது வேலை பார்க்கிறார்களா என்று கேட்டான். இருபது வருஷமாக இந்த அடுப்பை இன்னொரு கை தொட்டதில்லை என்றார் சமையல்காரர். கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

பேயறைந்த மாதிரி திரும்பி வந்தான். கடையே அவனைப் பார்த்தது. மச்சினன் கட்டுரைத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தான். புதுப்பெண் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். மனைவி மட்டும் தலை குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள். இரண்டு வருஷத் துரோகத்தை நாலு பேர் நடுவில் போட்டு உடைத்துவிட்டோமே என்று நொந்துகொண்டான். நாற்காலியில் பொத்தென்று விழுந்து, அவள் கையைத் தொட்டு, என்னை மன்னிச்சிடு என்று ஆரம்பித்தான்.

வாசலில் வண்டி வந்து நின்றது. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தவன், மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நேராக மேஜைக்கே வந்தான்.

"அக்கா, நீங்க வாரா வாரம் அனுப்பச் சொல்ற ரெண்டு மீன் சாப்பாட்டையும் இப்பதான் உங்க மாமியார்கிட்ட குடுத்துட்டு வர்றேன், அவங்களும் சட்டிக்கு மாத்தி அடுப்பு மேல ஏத்தி வெச்சுட்டாங்க, ஆனா உங்க வீட்டுக்காரரு மட்டும் இன்னைக்கு வர மாட்டாராம்."